இரண்டாம் படியின் பெருமை: கால்டர் கோப்பையின் வரலாறு

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு)

விளையாட்டு என்றதும் முதலிடம் பெற்றவர்களின் பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. உலகக் கோப்பையை வென்ற அணி எது, ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர் யார் என்று கேட்டால் உடனே விடை சொல்லிவிடுவோம். ஆனால் அந்த முதல் அணிக்கு ஆட்டக்காரர்களை வளர்த்துக் கொடுக்கும் இரண்டாம் அணியைப் பற்றி யாரும் கேட்பதுமில்லை, நாம் சொல்வதுமில்லை. எந்தப் பள்ளியை எடுத்துக்கொண்டாலும் எறிபந்துக்கு 'ஏ' அணி ஒன்றும் 'பி' அணி ஒன்றும் இருக்கும். இரண்டு அணியினரும் ஒரே வெயிலில்தான் பயிற்சி செய்கிறார்கள். ஆனால் ஆண்டு மலரில் படம் வருவது 'ஏ' அணிக்கு மட்டுமே.

அப்படி ஒரு 'பி' அணியினருக்கென்றே தனியாக ஒரு போட்டி அமைந்து, அது எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்து நின்றால் எப்படியிருக்கும்? அமெரிக்காவிலும் கனடாவிலும் அப்படி ஒரு போட்டி உண்டு. அதன் பெயர் 'அமெரிக்க ஹாக்கி லீக்'. அதில் வெல்லும் அணிக்குத் தரப்படுவது 'கால்டர் கோப்பை'. பனிக்கட்டித் தளத்தின் மீது ஆடப்படும் ஐஸ் ஹாக்கியின் இரண்டாம் நிலைப் போட்டி இது. இதன் வரலாற்றை நம் பள்ளித் தோழியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துக் கூறுவதே எங்கள் நோக்கம்.

ஐஸ் ஹாக்கி என்பது என்ன?

நமக்குத் தெரிந்த ஹாக்கி புல் தரையில் ஆடப்படுவது. ஒரு பக்கத்துக்கு 11 பேர் ஆடுவார்கள். ஐஸ் ஹாக்கியில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்தாம். அவர்களில் ஒருவர் கோல் கீப்பர். எல்லோரும் அடியில் எஃகுத் தகடு பொருத்திய காலணிகளை அணிந்து பனிக்கட்டியின் மேல் சறுக்கிக்கொண்டே ஆடுவார்கள். ஆடுகளம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்டது. சுற்றிலும் மரச்சுவர் போன்ற தடுப்பு இருக்கும்.

இந்த ஆட்டத்தில் பந்து கிடையாது. கெட்டியான ரப்பரால் ஆன வட்டத் தட்டு ஒன்றை மட்டையால் அடிக்கிறார்கள். அதற்குப் 'பக்' என்று பெயர். அது மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலக் கனமும் உடையது. துள்ளாமல் வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறைபனியில் வைத்துக் குளிரவைப்பார்கள். இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும்.

இந்த ஆட்டம் மிகவும் வேகமானது. எனவே ஓர் ஆட்டக்காரர் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே தொடர்ந்து களத்தில் இருப்பார். பிறகு வெளியே வந்து பெஞ்சில் அமர்வார். அடுத்தவர் உள்ளே குதிப்பார். ஆகையால் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு கோல் கீப்பர்களோடு மேலும் 18 பேர் உடை அணிந்து ஆயத்தமாக வருகிறார்கள். இவர்களில் ஒருவருக்கு அடிபட்டால் அந்த இடத்துக்கு உடனே வேறொருவர் வேண்டும். அவர் எங்கிருந்து வருவார்? அந்த இடத்தில்தான் நம் கதை தொடங்குகிறது.

மேல் லீக்கும் கீழ் லீக்கும்

ஐஸ் ஹாக்கியின் முதல்நிலைப் போட்டி 'தேசிய ஹாக்கி லீக்'. இது 1917 ஆம் ஆண்டில் கனடாவில் தோன்றியது. இதில் வெல்பவர்களுக்குக் கிடைப்பது புகழ்பெற்ற ஸ்டான்லி கோப்பை. 1942 முதல் 1967 வரை இந்த மேல் லீக்கில் ஆறே ஆறு அணிகள்தாம் இருந்தன. அந்நாளில் பெரும்பாலும் ஓர் அணிக்கு ஒரே கோல் கீப்பர்தான் ஆட்டத்துக்கு ஆட்டம் ஆடி வந்தார். சற்றே எண்ணிப் பாருங்கள். கனடா முழுவதும் ஆயிரக்கணக்கான சிறுவர்கள் கோல் கீப்பராக வேண்டும் என்று கனவு காண்கிறார்கள். அவர்களுக்கு இருந்த இடங்களோ ஆறு!

இடம் கிடைக்காதவர்கள் என்ன செய்வார்கள்? அவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். ஏழாவது சிறந்தவரும் எட்டாவது சிறந்தவரும் அவர்களுள் இருந்தார்கள். அவர்கள் ஆடியது பெரும்பாலும் அமெரிக்க ஹாக்கி லீக் போன்ற கீழ் லீக்குகளில்தான். இன்று மேல் லீக்கின் ஒவ்வோர் அணிக்கும் இந்த லீக்கில் ஓர் இணைப்பு அணி உண்டு. மேலே ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் கீழிருந்து ஒருவரை அழைத்துக்கொள்வார்கள். தேவை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரவில் தொலைபேசி ஒலித்தால் விடியற்காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். இத்தகைய வாழ்க்கைக்கு எவ்வளவு பொறுமை வேண்டும்!

பஞ்ச காலத்தில் பிறந்தது

1929 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பங்குச் சந்தை வீழ்ந்தது. அதன்பின் வந்த பொருளாதார மந்தத்தில் ஆலைகள் மூடப்பட்டன, கோடிக்கணக்கானோர் வேலையிழந்தனர். சோற்றுக்கே வழியில்லாதவர்கள் டிக்கெட் வாங்கி விளையாட்டுப் பார்க்க வருவார்களா? ஹாக்கிக் கிளப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அக்காலத்தில் 'கனடிய-அமெரிக்க ஹாக்கி லீக்', 'சர்வதேச ஹாக்கி லீக்' என்று இரண்டு கீழ் லீக்குகள் இருந்தன. 1936 இல் ஒவ்வொன்றிலும் நான்கு அணிகளே மிஞ்சின. நான்கு அணிகளை வைத்துக்கொண்டு ஒரு பருவம் முழுவதும் போட்டி நடத்த முடியாது. அதே நான்கு முகங்களையே திரும்பத் திரும்பப் பார்க்க மக்களுக்குச் சலிப்பாகிவிடும்.

எனவே இரண்டு லீக்குகளும் கைகோத்தன. 1936-37 பருவத்தில் இரண்டும் தனித்தனி அமைப்பாகவே இருந்துகொண்டு, எட்டு அணிகளும் ஒன்றோடொன்று ஆடின. இறுதியில் வெல்பவருக்கு ஒரு கோப்பை தருவதென்று முடிவாயிற்று. அதற்கு ஃபிராங்க் கால்டர் என்பவரின் பெயரைச் சூட்டினார்கள். இவர் இங்கிலாந்தில் பிறந்து கனடாவுக்குக் குடியேறியவர். முதலில் பள்ளி ஆசிரியராகவும் பிறகு பத்திரிகையாளராகவும் பணியாற்றியவர். 1917 முதல் 1943 இல் இறக்கும் வரை மேல் லீக்கின் தலைவராக இருந்தார். ஓர் ஆசிரியரின் பெயரைத் தாங்கிய கோப்பை என்பதில் நமக்கும் சற்றுப் பெருமைதான்!

முதல் பருவமே சோதனையாக இருந்தது. பஃபலோ நகர அணி ஆடிவந்த அரங்கத்தின் கூரை 1936 மார்ச்சில் பனியின் பாரம் தாங்காமல் இடிந்து விழுந்திருந்தது. சொந்த அரங்கமின்றி ஊர் ஊராகச் சென்று ஆடிய அந்த அணி, 11 ஆட்டங்களுக்குப் பின் டிசம்பர் மாதத்தில் கலைந்து போயிற்று. மற்ற ஏழு அணிகளும் தாக்குப் பிடித்தன. 1937 இல் சிரக்யூஸ் ஸ்டார்ஸ் என்னும் அணி, ஃபிலடெல்ஃபியா ராம்ப்ளர்ஸ் அணியை வென்று முதன்முதலாகக் கால்டர் கோப்பையைக் கையில் ஏந்தியது. 1938 இல் இரண்டு லீக்குகளும் முறைப்படி ஒன்றாயின. 1940 இல் 'அமெரிக்க ஹாக்கி லீக்' என்ற இன்றைய பெயர் வழங்கலாயிற்று.

சாக்லேட் ஊரின் அணி

இந்த லீக்கில் ஆடிய ஊர்கள் பலவும் சிறிய ஊர்கள். அவற்றுள் மிகவும் சுவையானது, பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஹெர்ஷி. சுவையானது என்று நாங்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அது சாக்லேட் செய்யும் ஊர்!

மில்டன் ஹெர்ஷி என்பவர் மிட்டாய்த் தொழிலில் இரண்டு மூன்று முறை தோற்று, பிறகு எழுந்தவர். அவர் 1903 இல் வயல்வெளிகளுக்கு நடுவே சாக்லேட் தொழிற்சாலை கட்டத் தொடங்கினார். அதைச் சுற்றி ஓர் ஊரையே அமைத்தார். அவருக்கும் அவர் மனைவி கேத்தரினுக்கும் குழந்தைகள் இல்லை. ஆகவே 1909 இல் ஆதரவற்ற சிறுவர்களுக்காக ஒரு பள்ளியை நிறுவினார்கள். பின்னாளில் அதில் சிறுமியரும் சேர்க்கப்பட்டனர். தம் செல்வத்தின் பெரும்பகுதியை அப்பள்ளியின் அறக்கட்டளைக்கே ஹெர்ஷி எழுதிவைத்துவிட்டார்.

பொருளாதார மந்த காலத்தில் வேலையற்றோருக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று அவர் பல கட்டடங்களைக் கட்டினார். அவற்றுள் ஒன்று 1936 டிசம்பரில் திறக்கப்பட்ட பெரிய ஐஸ் அரங்கம். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய அந்த அரங்கத்தின் நடுவே ஒரு தூண்கூட இல்லை. மெல்லிய கான்கிரீட் வளைவே கூரையாக நின்றது.

அவ்வூர் ஹாக்கி அணிக்கு முதலில் சாக்லேட் 'பார்' என்பதை நினைவூட்டும்படி ஒரு பெயர் வைத்திருந்தார்கள். இது விளையாட்டா, விளம்பரமா என்று பத்திரிகைக்காரர்கள் கேலி செய்யவே, 'ஹெர்ஷி பேர்ஸ்', அதாவது ஹெர்ஷியின் கரடிகள் என்று மாற்றிவிட்டார்கள். 1938 இல் லீக்கில் சேர்ந்த அந்த அணி அன்று முதல் ஒரு பருவம்கூட விடாமல் அதே ஊரிலிருந்து ஆடிவருகிறது. லீக்கில் இத்தனை நீண்ட தொடர்ச்சி வேறு எந்த அணிக்கும் இல்லை. 1947 இல் முதன்முறையாகக் கால்டர் கோப்பையை வென்றது; 2024 வரை மொத்தம் 13 முறை வென்றிருக்கிறது. இதுவும் லீக்கில் எவரும் எட்டாத எண்ணிக்கை. அணிக்கு உரிமையுள்ள நிறுவனம் அப்பள்ளியின் அறக்கட்டளைக்குச் சொந்தமானது. மக்கள் வாங்கும் ஹாக்கி டிக்கெட்டு, எங்கோ ஓர் ஏழைக் குழந்தையின் படிப்புக்கும் உதவுகிறது!

கடலை மிட்டாய்க்கும் ஹாக்கிக்கும் பெயர்பெற்ற கோவில்பட்டியை அறிந்த நமக்கு, சாக்லேட்டும் ஹாக்கியும் ஒரே ஊரில் கூடி வாழ்வது வியப்பாக இராது.

கண்டிப்பான முதலாளியும் துணிந்த ஆட்டக்காரர்களும்

எல்லா ஊரிலும் இப்படி இனிப்பு மட்டுமே இருக்கவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு அணியை 1939 இல் எடி ஷோர் என்பவர் விலைக்கு வாங்கினார். இவர் பாஸ்டன் அணிக்காக ஆடியவர். மேல் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதை நான்கு முறை பெற்ற பெரும் வீரர். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 இல் ஸ்பிரிங்ஃபீல்டு அரங்கத்தை இராணுவம் எடுத்துக்கொண்டது. ஷோர் மனம் தளராமல் தம் ஆட்டக்காரர்களைப் பஃபலோவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே புதிதாக எழுந்த அணி 1943 இலும் 1944 இலும் கோப்பையை வென்றது. போர் நடந்த ஆண்டுகளிலும் இப்போட்டி நிற்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. போருக்குப் பின் மீண்ட ஸ்பிரிங்ஃபீல்டு அணி 1960, 1961, 1962 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கோப்பையை வென்றது. தொடர்ந்து மூன்று முறை வென்ற அணி வேறு எதுவுமில்லை.

வெற்றி இருந்தது, ஆனால் மகிழ்ச்சி இருந்ததா? ஷோர் கடுமையான சிக்கனக்காரர். ஆட்டத்தில் சேர்க்கப்படாத வீரர்கள் அரங்கத்தில் இருக்கைகளுக்கு வர்ணம் பூச வேண்டும், விளக்குகளை மாற்ற வேண்டும், சோளப்பொரி பொரிக்கவும் உதவ வேண்டும் என்று வைத்திருந்தாராம். கோல் கீப்பர் கீழே விழுந்து தடுக்கக்கூடாது என்பதற்காக, பயிற்சியின்போது அவரைக் கயிற்றால் கட்டிவைத்தார் என்றும் அவரிடம் ஆடியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அக்காலத்தில் கீழ் லீக் வீரர் ஒருவர் எதிர்த்துப் பேசினால் அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது.

1966 டிசம்பரில் ஷோர் மூன்று ஆட்டக்காரர்களைச் சம்பளமின்றி நீக்கிவைத்தார். அணியின் மற்றவர்கள், "அவர்கள் இல்லாமல் நாங்களும் ஆடமாட்டோம்" என்று ஒன்றாக நின்றுவிட்டார்கள். இளம் வழக்கறிஞர் ஒருவர் அவர்களுக்காகப் பேசினார். முடிவில் ஷோர் அணியின் நிர்வாகத்திலிருந்து விலக நேர்ந்தது. 1967 இல் மேல் லீக் வீரர்களின் சங்கம் அமைந்தபோது அதற்கு ஊக்கமளித்தது, இந்தக் கீழ் லீக் வீரர்களின் ஒற்றுமைதான். உரிமைக்காக எழுந்து நின்றவர்கள் புகழ்பெற்ற நட்சத்திரங்கள் அல்லர். இழப்பதற்கு வேறு வேலைகூட இல்லாதவர்கள்தாம் அந்தத் துணிவைக் காட்டினார்கள்.

காத்திருந்து வென்றவர்

இந்த லீக்கின் பெருமையை ஒரே மனிதரின் வாழ்க்கையில் காண வேண்டுமானால் ஜானி பவரைப் பார்க்க வேண்டும். இவர் 1924 இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். ஒன்பது குழந்தைகளில் இவர் ஒருவரே ஆண்பிள்ளை. மட்டை வாங்கப் பணமில்லாததால் தந்தை மரக்கிளையைச் செதுக்கிக் கொடுத்தார். கோல் கீப்பர் காலில் கட்டும் மெத்தைக்குப் பழைய படுக்கைப் பஞ்சே உதவியது.

போரில் பணியாற்றித் திரும்பிய பவர், 1945 இல் கிளீவ்லாண்டு பேரன்ஸ் அணியில் சேர்ந்தார். அந்த அணி சாதாரண அணியன்று. 1939 முதல் 1964 வரை ஒன்பது முறை கால்டர் கோப்பையை வென்ற அணி. 1952 இல் மேல் லீக்கிலேயே சேர முயன்றது. பணபலம் போதாது என்று கூறி மேல் லீக் கதவை மூடிவிட்டது. பவருக்கும் அதே நிலைமைதான். எட்டு ஆண்டுகள் கீழ் லீக்கில் ஆடிய பின், 1953-54 இல் நியூயார்க் அணி அவரை அழைத்தது. ஒரு பருவத்தின் 70 ஆட்டங்களையும் அவரே ஆடினார். ஆனால் அடுத்த ஆண்டு அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று. பவர் மறுபடியும் கீழே இறங்கினார்.

வேறொருவராயிருந்தால் மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். பவர் தொடர்ந்து ஆடினார். 1956, 1957, 1958 என்று மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்து லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார். 1958 இல் டொரண்டோ அணி அவரை அழைத்தபோது வயது 33. அந்த வயதில் பலர் ஓய்வுபெற்று விடுவார்கள். இனி மேலே போய் என்ன செய்யப் போகிறோம் என்று அவரே தயங்கினாராம். ஆனால் போனார். 1962, 1963, 1964, 1967 ஆகிய நான்கு ஆண்டுகளில் டொரண்டோ ஸ்டான்லி கோப்பையை வென்றபோது கோல் காத்தவர்களில் அவரும் ஒருவர். 45 வயது வரை ஆடினார். 1976 இல் ஹாக்கிப் புகழ்க் கூடத்தில் அவர் பெயர் இடம்பெற்றது. 2017 இல் தமது 93 ஆம் வயதில் காலமானார்.

அவரது கீழ் லீக் ஆண்டுகளை வீணான ஆண்டுகள் என்று சொல்ல முடியுமா? அந்த ஆண்டுகளில் கற்ற பொறுமையும் நுணுக்கமும் இல்லாவிட்டால், 40 வயதுக்கு மேல் கோல் முன்னால் நிற்க அவரால் இயன்றிருக்குமா?

மேலே போகாமலே உயர்ந்தவர்

பவரின் கதை மகிழ்ச்சியாக முடிந்தது. ஆனால் காத்திருந்த எல்லோருக்கும் கதவு திறக்கவில்லை. வில்லி மார்ஷல் என்பவரைப் பாருங்கள். இவர் 1952 முதல் 1972 வரை இருபது பருவங்கள் இந்த லீக்கில் ஆடினார். மொத்தம் 1,205 ஆட்டங்கள். அவற்றில் 523 கோல்கள் அடித்தார். 852 கோல்களுக்குத் துணைநின்றார். ஐஸ் ஹாக்கியில் கோல் அடித்தவருக்கு மட்டுமல்ல, அதற்குப் பந்து கொடுப்பது போலப் பக்கைத் தள்ளிக் கொடுத்தவருக்கும் ஒரு புள்ளி உண்டு. அப்படிப் பார்த்தால் மார்ஷலுக்கு 1,375 புள்ளிகள். ஆட்டங்கள், கோல்கள், துணைநிற்றல், புள்ளிகள் என்ற இந்த எல்லாக் கணக்கிலும் லீக்கின் வரலாற்றில் அவரே முதல்வர்.

அவர் மேல் லீக்கில் ஆடிய ஆட்டங்கள் எத்தனை தெரியுமா? வெறும் 33.

இதைப் படித்தபோது எங்களுக்கு முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தோம். பிட்ஸ்பர்க், ஹெர்ஷி, ராச்செஸ்டர், பிராவிடன்ஸ், பால்டிமோர் ஆகிய ஊர்களில் குளிர்கால இரவுகளில் அரங்கத்துக்கு வந்த ஆலைத் தொழிலாளிகளுக்கும் அவர்களுடைய குழந்தைகளுக்கும் மார்ஷல்தான் பெரிய வீரர். மேல் லீக்கை நேரில் பார்க்க வாய்ப்பில்லாத அவர்களுக்கு இந்த ஆட்டமே ஹாக்கி. அவர்கள் கண் முன்னே இருபது ஆண்டுகள் சலிக்காமல் ஆடிய ஒருவரைத் தோற்றவர் என்று எப்படிச் சொல்வது? 2003-04 பருவம் முதல், லீக்கில் அதிக கோல் அடிப்பவருக்கு வில்லி மார்ஷல் விருது என்றே பெயரிட்டு வழங்குகிறார்கள். 2006 இல் லீக் தனக்கென ஒரு புகழ்க் கூடம் அமைத்தபோது முதலில் சேர்க்கப்பட்ட எழுவருள் மார்ஷலும் பவரும் ஷோரும் இருந்தார்கள்.

தேய்பிறையும் வளர்பிறையும்

1967 இல் மேல் லீக் ஆறு அணிகளைப் பன்னிரண்டாக்கியது. பலருக்கு வாய்ப்புக் கிடைத்தது. ஆனால் கீழ் லீக்குக்கு அடி விழுந்தது. பிட்ஸ்பர்க் ஹார்னெட்ஸ் அணி அவ்வாண்டு கால்டர் கோப்பையை வென்ற கையோடு, தன் ஊருக்கு வந்த மேல் லீக் அணிக்கு வழிவிட்டுக் கலைந்தது. 1972 இல் மேல் லீக்குக்குப் போட்டியாக 'உலக ஹாக்கி சங்கம்' என்ற வேறொரு அமைப்புத் தோன்றி ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டது. ஒன்பது கோப்பைகள் வென்ற கிளீவ்லாண்டு அணியும் 1973 இல் ஊரைவிட்டே போயிற்று. 1976-77 இல் லீக்கில் மீதமிருந்தவை ஆறு அணிகளே. இனி இந்த லீக் பிழைக்காது என்று பலரும் எண்ணினார்கள்.

ஆனால் அதே 1977 இல் மற்றொரு சிறு லீக் மூடப்பட, அங்கிருந்த ஊர்கள் இங்கே வந்து சேர்ந்தன. மெய்ன் மாநிலத்தில் புதிதாகத் தோன்றிய மரினர்ஸ் அணி, சேர்ந்த முதல் ஆண்டிலும் இரண்டாம் ஆண்டிலும் கோப்பையை வென்று ஊரைக் குதூகலப்படுத்தியது. 2001 இல் இன்னொரு பெரிய கீழ் லீக் மூடப்பட்டபோது அதன் ஆறு அணிகளை அமெரிக்க ஹாக்கி லீக் ஏற்றுக்கொண்டது. 2015 இல் கலிஃபோர்னியாவில் ஐந்து அணிகள் ஆடத் தொடங்கின. 2022 இல் பாலைவனப் பகுதியான கோச்செல்லா பள்ளத்தாக்கில் ஃபயர்பேர்ட்ஸ் அணி தோன்றவே, மொத்தம் 32 அணிகள் ஆயின. மேல் லீக்கின் 32 அணிகளுக்கும் ஆளுக்கொன்று!

உலகப் போரால் நிற்காத கோப்பை, கொரோனாப் பெருந்தொற்றால் மட்டும் 2020 இலும் 2021 இலும் எவருக்கும் வழங்கப்படவில்லை. 2022 முதல் மீண்டும் வழங்கப்பட்டு வருகிறது. 2023 இல் ஹெர்ஷியும் ஃபயர்பேர்ட்ஸும் இறுதிச் சுற்றில் மோதின. ஏழாவது ஆட்டத்தில் 0-2 என்று பின்தங்கிய ஹெர்ஷி, சமன் செய்து, கூடுதல் நேரத்தில் ஒரு கோல் அடித்து 3-2 என வென்றது. அடுத்த ஆண்டும் அதே அணியை வென்று கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. 2025 இல் கனடாவின் அபட்ஸ்ஃபோர்டு அணி தன் முதல் கோப்பையை வென்றது.

இன்று மேல் லீக்கில் ஆடுபவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் இந்த லீக்கில் ஆடிப் பழகியவர்களே. ஒவ்வோர் ஆட்டத்திலும் அணியில் பெரும்பாலோர் இளையவர்களாக இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஆக, இதை ஒரு பள்ளிக்கூடம் என்று சொன்னாலும் தவறாகாது.

பொம்மை மழையும் பெண்களின் வருகையும்

சிறு ஊர்களின் ஆட்டத்தில் ஓர் அழகான வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ், புத்தாண்டை ஒட்டிய நாட்களில் ஒரு ஆட்டத்தைக் குறிப்பார்கள். அன்று பார்க்க வருபவர்கள் கரடிப் பொம்மையும் பிற துணிப் பொம்மைகளும் கொண்டுவருவார்கள். சொந்த அணி முதல் கோலை அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பொம்மைகளைப் பனித்தளத்தின் மீது வீசுவார்கள். வானத்திலிருந்து பொம்மை மழை பெய்வது போல் இருக்கும்! அவற்றைத் திரட்டி ஏழைக் குழந்தைகளுக்கும் மருத்துவமனைகளில் உள்ள குழந்தைகளுக்கும் கொடுப்பார்கள். 1993 இல் கனடாவின் காம்லூப்ஸ் என்ற ஊரில் இளையோர் லீக் ஒன்றில் தொடங்கிய இவ்வழக்கம் எங்கும் பரவியது. ஹெர்ஷியில் 2025 ஜனவரியில் ஒரே ஆட்டத்தில் திரண்ட பொம்மைகள் 1,02,343. ஒரு லட்சத்துக்கும் மேல்! பெரிய நகரங்களின் பெரிய அணிகள் எட்டாத எண்ணிக்கை இது.

பெண்களாகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றும் உண்டு. 2021 இல் இந்த லீக் பத்துப் பெண்களை ஆட்ட அதிகாரிகளாக நியமித்தது. அவ்வாண்டு அக்டோபர் 16 அன்று கேட்டி கே என்னும் பெண்மணி நடுவராக நின்று ஆட்டத்தை நடத்தினார். லீக்கின் வரலாற்றில் ஒரு பெண் நடுவராக இருந்த முதல் ஆட்டம் அதுவே. 2022 இல் ஜெசிகா காம்ப்பெல் என்பவர் ஃபயர்பேர்ட்ஸ் அணியின் உதவிப் பயிற்சியாளரானார். அவர் கற்பித்த இளைஞர்கள் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இறுதிச் சுற்றுக்குச் சென்றார்கள். 2024 இல் சியாட்டில் அணி அவரைத் தன் உதவிப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. மேல் லீக்கில் முழுநேர உதவிப் பயிற்சியாளராக ஒரு பெண் ஆட்டக்காரர்களின் பெஞ்சுக்குப் பின்னால் நின்றது அதுவே முதன்முறை. அவருக்கும் ஏணியாக அமைந்தது இந்த இரண்டாம் படிதான்.

நாம் அறிவது

ஃபிராங்க் கால்டரின் பெயர் தாங்கிய இக்கோப்பையின் வரலாற்றிலிருந்து நாங்கள் அறிந்துகொண்டது இதுதான்: இரண்டாம் இடம் என்பது தோற்றவர்கள் ஒதுங்கும் இடமன்று. அது வளரும் இடம், காத்திருக்கும் இடம், சிலருக்கு வாழ்நாள் முழுவதும் உழைத்து மற்றவர்களை மகிழ்விக்கும் இடம். பவர் அங்கே காத்திருந்து மேலே சென்றார். மார்ஷல் அங்கேயே இருந்து உயர்ந்தார். ஸ்பிரிங்ஃபீல்டு வீரர்கள் அங்கே நின்று எல்லா வீரர்களுக்கும் வழி காட்டினார்கள். அந்தப் படி இல்லையென்றால் மேல் படிக்கு யாரால் ஏற முடியும்?

பெற்றோர்களே! உங்கள் மகள் 'பி' அணியில் இருக்கிறாள் என்று கேட்டால் முகம் வாடாதீர்கள். ஆட்டத்தைக் காண வாருங்கள். தோழியரே! பெஞ்சில் அமர்ந்திருக்கும்போதும் காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டியே வைத்திருங்கள். எந்த நிமிடமும் பெயர் அழைக்கப்படலாம். அழைக்கப்படாவிட்டாலும், அணியில் இருப்பவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் கையும் கைதட்டும் கையும் அந்த வெற்றியில் பங்குடையவைதான். வரும் ஆண்டு மலரில் 'பி' அணியின் படமும் ஒரு பக்கத்தில் இடம்பெறுமானால் எங்களுக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருக்கும்.